உள்ளே நின்று இழுக்கும் முள்

ஜூன் 4
இன்று முதியோர் வகுப்பில் ஒரு சுவாஹிலிச் சொல்லைத் தப்பில்லாமல் எழுதிவிட்டேன். போமா! ரெஹேமா டீச்சர் அதைப் பலகையில் எழுதி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். "சிங்கம் வராம மாட்டையும் குடிசையையும் சுத்தி நாங்க போடுற முள்வேலி" என்றேன். கடைக்கார ஜுமா, "இல்ல தாத்தா, வெள்ளைக்காரன் கட்டின கோட்டை" என்றான். ஒருத்திக்கு அது மாவட்ட ஆபீஸ். அவள் கல்யாணத்தை அங்கேதான் பதிந்தார்களாம். டீச்சர் எல்லாமே சரி என்றாள். "உள்ள இருக்கறவங்களக் காப்பாத்துற எதுவும் போமாதான்."

ஜூன் 5
மணலில் போமா எழுதினேன். ஆடு மிதித்துவிட்டது. மறுபடி எழுதினேன்.

ஜூன் 11
ரோட்டோரம் சர்க்கார் நட்ட புது அறிவிப்புப் பலகை. கூட்டம். "தள்ளுங்கடா, நான் வாசிக்கிறேன்" என்றேன். முதல் சொல்லே போமா! சிரிப்பு தாங்கவில்லை. விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லையும் இன்னும் சத்தமாக வாசித்தேன். போமாக்கள் — எல்லாம் — மாதக் கடைசிக்குள் — அகற்ற — வேண்டும். மெச்சுவார்கள் என்று திரும்பினேன். எல்லாரும் எங்கள் முள்வேலிகள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் நான் வாசித்தது எனக்கே கேட்டது.

ஜூன் 12
என் மனைவி நொலாரி: "படிச்சுப் படிச்சு இதத்தான் படிச்சீங்களா?"

ஜூன் 19
ஊர்க்காரர்கள் சேர்ந்து மனுவோடு மாவட்ட போமாவுக்குப் போனோம். பெரிய மதில், இரும்புக் கேட். "மனுவக் குடுத்துட்டுக் கிளம்புங்க பெரியவரே, உள்ள விட மாட்டாங்க" என்றான் காவல்காரன். மாலைவரை வெயிலில் நின்றோம். அந்த மதில் யாரைக் காக்கிறது? எங்களிடமிருந்தா?

ஜூன் 26
மகன் பர்மெட் மாடுகளை மாமனார் ஊருக்கு ஓட்டிப் போய்விட்டான். சர்க்கார் எங்களுக்குத் தூரத்தில் செங்கல் வீடு தருகிறதாம். மேய்ச்சல் இல்லாத இடம். சாயங்காலம் வழக்கம்போல வாசலை அடைத்தேன். முள்மரக் கிளையின் அடிக்கட்டையைப் பிடித்து உள்ளே நின்று இழுத்தால், முள்ளெல்லாம் வெளியே பார்க்கும்.
"மாடே இல்ல. யாரு வரப் போறான்னு அடைக்கிறீங்க?" என்றாள் நொலாரி.
"உள்ள நாம இருக்கோமே?" என்றேன்.

ஜூலை 3
செங்கல் வீடு. லாரியில் ஏறுமுன், திறந்துபோட்டு வர மனம் வராமல் வாசலை அடைத்தேன். வெளியே நின்று அடைத்தது இதுதான் முதல் தடவை. முள்தான் கைக்கு வந்தது. விரல் வீங்கி எழுத்து கோணுகிறது. நொலாரி ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்கிறாள்.
"இன்னும் ஒன்னு ஆழமா இருக்கு. கையக் காட்டுங்க."
"அது இருக்கட்டும், விடு" என்றேன்.