சிவப்பு மூடி டப்பா

வெள்ளி காலை

என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். அப்படித்தானே எழுத வேண்டும்! சொல்லாமல் கொள்ளாமல் கட்டட வேலைக்குக் கிளம்பி இன்றோடு பதினெட்டு நாள். போன் போட்டால் எடுப்பதில்லை. லீவில் வந்த உங்கள் மேஸ்திரி கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஊர் சேதி. சான்று கொடுக்கிற அதிகாரி புதன்கிழமை வந்து போனார். நம் குழுவில் மற்ற பத்துக் குடும்பத்துக்கும் இயற்கை விவசாயச் சான்று கிடைத்துவிட்டது. நம் நிலத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து மூன்று வருஷம். நான் மறைத்து, சோதனையில் மருந்து தெரிந்திருந்தால் பதினோரு குடும்பமும் சேர்ந்து கெட்டிருக்கும். அதனால்தான் கத்தரி வயலில் பூச்சிமருந்து அடித்தது என் கணவர் என்று குழுவின் பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்.

ஏன் அடித்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? மருந்தில்லாமல் விளைவிப்பது எப்படி என்று பக்கத்து ஊரில் நான் வகுப்பெடுத்த மூன்று நாளில் புழு காயெல்லாம் துளைத்துவிட்டது. பயந்துவிட்டீர்கள். கேட்டால் இவள் கத்துவாள் என்று நினைத்திருப்பீர்கள். கத்தத்தான் செய்திருப்பேன். கத்திக்கொண்டே கூட நின்று சொத்தைக்காயைப் பறித்துப் போட்டிருப்பேன்.

ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்தது என் தப்பு. ஊருக்குத்தான் உபதேசமா என்று ஒருத்தர் சிரித்தார். நீங்கள் தலை நிமிரவே இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீதான் அப்பாவைத் துரத்தினாய் என்று மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொன்று. மருந்தின் பெயரைக் குறித்துக்கொள்ள அதிகாரி டப்பாவைக் காட்டச் சொன்னார். கொட்டகையில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் நான் பார்த்த சிவப்பு மூடி டப்பாவைக் காணவில்லை. பாதிக்கு மேல் இருந்ததே! கிணற்றடி, குப்பைமேடு, பரண் ஒன்று விடாமல் தேடினேன். தூக்கிப் போட்டுவிட்டார் என்று அதிகாரியிடம் பொய் சொன்னேன். நேற்று மேஸ்திரி வந்து, நீங்கள் பையை யாரையும் தொட விடுவதில்லை, தலைக்கு வைத்துத்தான் படுக்கிறீர்கள் என்றார். டப்பா எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது.

பையைப் பறித்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். பறித்தால் வேறு வாங்க உங்களுக்குத் தெரியாதா? நீங்களாகக் கொடுக்க வேண்டும். சான்று போனால் போகிறது. மூன்று வருஷம் என்ன, முப்பது வருஷமானாலும் மறுபடி ஆரம்பிக்கலாம். தனியாக என்னால் முடியாது.

நீங்கள் படித்து முடிக்கும்வரை மேஸ்திரியைப் பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறாரா? அந்த டப்பாவை அவர் கையில் கொடுங்கள். நானும் மகளும் நாளைக் காலை வண்டிக்கு அங்கே வருகிறோம். நாங்கள் வரும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சண்டைக்காரி