கங்காணிக்குத் தாயக்கட்டை கிடையாது

மாட்டுப்பட்டி
9-8-1977

அன்பு மகள் வேலுத்தாய்க்கு,

இங்கே விடாத மழை. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் கொதிக்கிறது. நீயும் மாப்பிள்ளை சோலையும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மறைக்காமல் எழுது.

நேற்று கூட்டாளி அழகுமலை வீட்டில் நம் ஆட்டத்தை விரித்திருந்தோம். கீழ் லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "கருத்தப்பாண்டி அண்ணாச்சியோட ராஜமுத்திரையா? நானும் வாரேன்" என்றாள். என் ஆட்டம் ராஜமுத்திரையாம். மெட்ராஸ் கம்பெனி பெரிய பெட்டி போட்டு ஊரெல்லாம் விற்றாலும் விற்றது, பலகையும் காயும் உள்ள எல்லாவற்றுக்கும் இப்போது அவன் வைத்ததுதான் பெயர்.

அவன் ஆட்டத்தில் ஊர்களை வாங்க வேண்டும், மற்றவனை ஓட்டாண்டி ஆக்க வேண்டும். நம் ஆட்டத்தில் வாங்குவதற்கு ஒரு பொருளும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்து அதிலுள்ள ஆளாக மாறுகிறார்கள்: லாரி டிரைவர், மருத்துவச்சி, கொழுந்து கிள்ளுகிறவள். ஒருவர் மட்டும் ஆள்களை வேலை வாங்கும் கங்காணி. வழியில் பாலம் உடைந்தது, யானை நிற்கிறது என்று சொல்வது அவர் வேலை. சொல்லிவிட்டு, "நீ என்ன செய்வே?" என்று கேட்க வேண்டும். பதிலை முழுசாகக் கேட்டே ஆக வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைத் தாயம் சொல்லும். கங்காணிக்குத் தாயக்கட்டை கிடையாது, ஜெயிப்பும் கிடையாது. இதுவும் அதுவும் ஒன்றா? கண் இல்லையா இவர்களுக்கு?

உங்கள் அச்சகத்தில் போட்ட நம் ஆட்டப் பெட்டிகள் கடைகளில் எப்படிப் போகின்றன? அதையும் எழுது.

ஆசீர்வாதத்துடன்,
கருத்தப்பாண்டி


வாளையார்
21-8-1977

அன்புள்ள அப்பாவுக்கு,

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. பாலக்காட்டில் வெங்கிடாசலம் சாமிதான் நமக்காக அலமாரியில் இடம் கொடுத்தவர். அவரே ஆள் மூலம் அனுப்பிவிட்டார். நேரில் போய்க் கேட்டேன். "கோச்சுக்கப்படாது. உங்க பெட்டி பக்கத்திலே இருந்தா அவா எனக்கு ராஜமுத்திரை அனுப்பமாட்டா. அது இல்லாம நான் கடை தொறந்து வச்சு என்ன பிரயோஜனம்?" என்றார். பாவம், என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

அடுத்த வாரமே அந்தக் கம்பெனியின் ஏஜெண்டு நம் அச்சகத்துக்கு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நமக்குத் தனிப்பெட்டி எதற்கு என்கிறார். நம் சீட்டுகளையும் விதிகளையும் சிறு கட்டாகப் போட்டு, "ராஜமுத்திரை வைத்திருப்போருக்கு" என்று மேலே அச்சடித்தால் அவர்களே எல்லாக் கடைக்கும் அனுப்புவார்களாம். ஒரே ஒரு மாற்றம் கேட்கிறார்கள். கங்காணி என்றால் மெட்ராஸில் யாருக்கும் புரியாது, ராஜா என்று போடுங்கள் என்கிறார்கள்.

அப்பா, ஒரே ஒரு சொல். இங்கே பைண்டிங் செய்யும் மூக்கம்மாள் அக்கா வேலையில்லாமல் பசை காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லாரி ரசீதுப் புத்தகம் மட்டும் அடித்து ஓர் அச்சகம் நிற்காது. உங்கள் மாப்பிள்ளை ராத்திரியெல்லாம் கணக்கு நோட்டைப் புரட்டுகிறார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன கடிதத்தில் ஆட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். என்னைப் பற்றி ஒரு வரிதான். இருக்கட்டும்.

உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கும்,
வேலுத்தாய்


மாட்டுப்பட்டி
29-8-1977

வேலுத்தாய்க்கு,

ஒரே ஒரு சொல்லா?

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மருந்துப் புட்டி லேபிளையும் பழைய பேப்பரையும் வைத்து எழுத்துக் கூட்டியவன். ஒரு சொல் என்ன விலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நாங்கள் வேறு எஸ்டேட்டில் இருந்தோம். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், உன் அம்மா சுருளியம்மாள் கங்காணி முன்னால் நின்று, காய்ச்சலாக இருக்கிறது, இன்றைக்கு மலை ஏற முடியாது என்று சொன்னாள். அவன் தலை நிமிரவில்லை. இரண்டாவது முறை சொன்னாள். மேல் மலைக்கு என்று பேரை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் ஃபாக்டரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் அந்தப் பெயரில் உட்காருகிறவன் கேள்வி கேட்டு, பதில் முடியும்வரை வாயை மூடியிருக்க வேண்டும் என்று விதி எழுதினேன். எனக்கு ராஜாவோடு என்ன வழக்கு? எந்த ராஜாவும் என் பெண்டாட்டியைக் காய்ச்சலோடு மலை ஏற்றவில்லை. நான் ராஜாவைப் பார்த்ததே கிடையாது.

இன்னொன்றும் யோசி. நம் சீட்டை வைத்து ஆட, ஜனங்கள் முதலில் அவன் பெட்டியை வாங்க வேண்டும். அப்படியானால் நாம் யார்? அவன் பெட்டியை விற்றுக் கொடுக்கும் கூலியாள். எதிர்த்துக் கடை போட்டவன் பெரியவன் என்றால் அவன் வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுவதா?

கையெழுத்துப் போடுவதென்றால் போடு. என் பெயர் அதில் எங்கேயும் வரக்கூடாது. எனக்குக் கடிதமும் எழுதாதே.

கருத்தப்பாண்டி


வாளையார்
6-11-1977

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன்.

அம்மா காய்ச்சலோடு மலை ஏறியதை நீங்கள் இதுவரை சொன்னதில்லை. அம்மாவும் சொல்லாமலே போய்விட்டாள். அந்தக் கடிதத்தை இங்கே யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறேன்.

நான் கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்குப் பயந்து அல்ல. கூலியாள் என்று எழுதியிருந்தீர்களே, அது உறைத்தது. ஆனால் கோபத்தை மட்டும் வைத்துப் போட்டி போட முடியாது, அப்பா. பெட்டி இருந்தால் அலமாரி வேண்டும், அலமாரி அவர்கள் கையில். அதனால் பெட்டியையே எடுத்துவிட்டேன். பலகை இல்லை, காய் இல்லை. விதிகளை மட்டும் சட்டைப்பையில் அடங்குகிற சிறு புத்தகமாக அடித்தேன். செக்போஸ்ட்டுப் பக்கத்தில் சுவக்கீன் அண்ணன் டீக்கடை இருக்கிறது. வாரப் பத்திரிகைகளோடு அதையும் கயிற்றில் தொங்கவிட்டார்.

லாரிக்காரர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் வாங்கினார்கள். சாக்குக் கட்டியால் தார்ப்பாயில் கோடு கிழித்து, போல்ட்டு நட்டை வைத்து ஆடுகிறார்கள். ஒருவர் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார், இன்னொருவர் எர்ணாகுளம் போய்விட்டுத் திரும்பும்போது கூட்டாளிகளுக்கும் வேண்டும் என்றார். மூக்கம்மாள் அக்காவுக்கு இப்போது தலை நிமிர நேரமில்லை. எங்கள் புத்தகத்தை யாரும் ராஜமுத்திரை என்று கேட்பதில்லை. "நீ என்ன செய்வே புக்கு" என்று கேட்கிறார்கள்.

ஆனால் ஒரு சங்கதி. போன வாரம் ஒரு டிரைவர் தன் புத்தகத்தைக் காட்டினார். கங்காணி என்று வரும் இடமெல்லாம் பேனாவால் அடித்து முதலாளி என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஏனுங்க அம்மிணி, கங்காணியெ நாங்க கண்டமா? நம்முளுக்கு மொதலாளிதானுங்க. பிரேக்கு புடிக்கலீன்னு எத்தனெ தடவ சொன்னாலும் காதுல போட்டுக்க மாட்டாருங்க" என்றார்.

அடுத்த அச்சுக்கு எழுத்துக் கோக்க வேண்டும். நானாக எதையும் மாற்றவில்லை. என்ன போடட்டும்?

உங்கள்,
வேலுத்தாய்


மாட்டுப்பட்டி
17-11-1977

அன்பு மகள் வேலுத்தாய்க்கு,

அந்தப் பலகையில் இருந்த மலைப்பாதையை நான் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். வளைவு ஒவ்வொன்றும் நான் நடந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிப் போட்டிருக்கிறாய். அதற்கான கோபம் தனியாக இருக்கிறது. நீ நேரில் வரும்போது தருகிறேன்.

டிரைவர் செய்ததைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கிவிட்டேன். பிறகு நீவி, அழகுமலைக்கு வாசித்துக் காட்டினேன். அவனாவது என் பக்கம் பேசுவான் என்று பார்த்தால், "மொதலாளி மட்டும் தல நிமிந்தா பாக்கான், அண்ணாச்சி? அவனவன் கங்காணிய அவனவன்தான எழுதணும்?" என்கிறான். கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் குறையவில்லை, அவன் சொன்னதும் மனசை விட்டுப் போகவில்லை.

ஆகவே கவனமாகக் கேள். முதலாளி என்று போடாதே. ராஜா என்று போடவே கூடாது. கங்காணியும் வேண்டாம். அந்த இடத்தில் வெறும் கோடு போடு. முதல் பக்கத்தில், "உங்கள் பேச்சைக் காதில் வாங்காதவர் யார்? அவர் பெயரை இந்தக் கோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று பெரிய எழுத்தில் கோத்துவிடு. மெட்ராஸ்காரன் வேண்டுமானால் தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.

இது விட்டுக்கொடுத்தது அல்ல. திருத்தம்.

அச்சுக்கு முன் சரிபார்க்க வேண்டும் என்று நேற்று சாயங்காலம் இங்கே ஆடிப் பார்த்தோம். கோட்டில் யார் பெயர் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழ் லயத்துப் பெண் பென்சிலை வாங்கி, "கருத்தப்பாண்டி" என்று எழுதினாள். எல்லோரும் சிரித்தார்கள், அழகுமலை இருமும் வரைக்கும் சிரித்தான். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் விதி நான் எழுதியது. தாயக்கட்டையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்கிறவன் இடத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகக் கேட்டேன், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசவில்லை. எவ்வளவு பேசுகிறார்கள், வேலு.

நீ எப்படி இருக்கிறாய்? விவரமாக எழுது.

அப்பா