அப்பத்துக்கு ஒரு போத்தல் கள்

ஐப்பசி 12, திங்கள்
விடியவே மழை. விறகு ஈரம். அப்பம் இன்றும் தட்டை. அப்பச் சோடா போட்டால் சவர்க்கார வாசம். கடையில் ஈஸ்ட் இல்லை, லொறி வந்தால்தானாம்.

கள் ஊற்றினால்தான் மா ஒழுங்காகப் புளிக்கும். இங்கே அப்பம் சுடுகிற பெண்கள் எல்லாரும் கள்ளுத் தவறணையில் போத்தலோடு நிற்கலாம். நான் நின்றால் மட்டும் ஊருக்குக் கண். கசிப்புச் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டு ஆறு மாதம் மறியலில் கம்பி எண்ணினவள் அல்லவா.

பக்கத்து வீட்டுத் தவராசா மாமா வேலிக்கு அங்கால் நின்று அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார். மறியலுக்குப் போய்வந்தவளின் கையால் எப்படித் தின்கிறது என்று மாமியிடம் சொன்னாராம். என் கசிப்பைக் குடித்துவிட்டு இதே வேலியில் விழுந்து கிடந்த மனிசன்! அப்போது என் கைக்கு என்ன குறை?

விற்றது சொல்லத் தேவையில்லை. மிச்சத்தை நானும் அம்மாவும் தின்றோம், கோழியும் தின்றது.

13, செவ்வாய்
வெயில். வாவியில் தண்ணீர் ஏறுகிறது.

கள் வாங்கிவர வேறு ஆள் இல்லை. வெட்கத்தை விட்டு மாமாவையே அனுப்பினேன். போத்தலில் பாதிதான் வந்தது. மீதி வழியில் சிந்தியதாம். எங்கே சிந்தியது என்று அவருடைய பேச்சிலேயே மணத்தது. கத்தினேன்.

"குடிக்கிறவனிட்டக் குடுத்து விட்டது உன்ட பிழைதானே, புள்ள" என்றார்.

ஓம், என் பிழைதான். எல்லாம் என் பிழைதான். பாதிக் கள்ளில் மா பாதிதான் பொங்கியது.

15, வியாழன்
நானே போனேன். தவறணைக்காரர் முகம் பாராமல் ஊற்றித் தந்தார். சரி, தந்தாரே.

திரும்பும்போது பாலத்து ஆமிக் காவல் சென்றியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். இன்று பார்த்து ஆமியோடு பொலிசும். என்னைப் பிடித்த அதே மீசைக்காரர். போத்தலைத் தூக்கினார், முகர்ந்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். திரும்பவும் மறியல் என்றே நினைத்தேன்.

அப்பத்துக்கு என்றேன். கசிப்புக்காரி இப்போது அப்பம் சுடுகிறாளாம் என்று ஆமிக்காரனிடம் சிங்களத்தில் பகிடி பண்ணினார். மறியலில் பழகின சிங்களம், எல்லாம் விளங்கியது. ஆமிக்காரன் நடு வயது ஆள், சிரிக்கவில்லை. தன் வீட்டிலும் அப்பத்துக்குக் கள்தான் என்றான். போத்தலை என் பைக்குள் வைத்துவிட்டு, நாளைக்கு அப்பம் கொண்டு வா, பார்ப்போம் என்றான்.

கொண்டுபோகாவிட்டால் மீசைக்காரர் வீட்டுக்கு வருவார். தலையிடி.

16, வெள்ளி
மா பொங்கிச் சட்டிக்கு வெளியே வழிந்தது! ஓரம் மொறுமொறு, நடு பஞ்சு. அழுகை வந்தது. சந்தோசத்தில்தான்.

சென்றியில் எல்லாரும் தின்றார்கள். மீசைக்காரர் கூடத் தின்றுவிட்டு, சம்பலுக்கு உப்புக் குறைவு என்றார். பெரிய கண்டுபிடிப்பு. தினமும் கொண்டு வரட்டாம்.

வருகிற வழியில் இரண்டு மூன்று வீட்டில் கூப்பிட்டு நாளைக்கு அப்பம் கேட்டார்கள். ஆமி தின்று சாகவில்லை என்றதும் நம்பிக்கை வந்துவிட்டதாக்கும்.

வாங்க: தேங்காய், செத்தல் மிளகாய், சீனி. உப்பு (கூட!)

18, ஞாயிறு
வானம் மப்பு. மழை வருகிறதும் இல்லை, போகிறதும் இல்லை.

ஒருத்தரும் வரவில்லை. நேற்று வாங்கித் தின்று ருசி சொன்னவர்களும் இல்லை. மத்தியானம் மாமி வேலிக்கு மேலால் மெதுவாகச் சொன்னா. நான் சென்றிக்குத் தகவல் கொண்டுபோகிறவள் என்று கதையாம். கதை வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கும் போய்விட்டதாம். அங்கே இயக்கத்தின் ஆட்சி; அவர்கள் விசாரிக்கக் கூட்டிப்போன ஆள் திரும்பி வந்ததில்லை. தெரியாத ஆட்கள் இரண்டு பேர் வந்து என் பேரும் வீடும் விசாரித்தார்களாம்.

அப்பத்தில் என்ன தகவலைச் சுற்றிக் கொடுக்கிறது? சென்றிக்குப் போகாவிட்டால் பொலிஸ் வரும். போனால் இயக்கம் வரும். கசிப்புக் காய்ச்சின காலத்தில் ஆமியும் குடித்தது, ஊரும் குடித்தது, ஒருத்தரும் என்னைக் காட்டிக்கொடுக்கிறவள் என்று சொல்லவில்லை. ஒழுங்காகப் பிழைக்க வந்ததற்கு இது. சீ, என்ன சீவியம்!

அம்மாவிடம் மறைத்தேன். மாமி விடுவாவா, சொல்லிவிட்டா. மறியலுக்கு என்னைப் பார்க்க வந்த நாளெல்லாம், இனிக் கசிப்புக் காய்ச்சினால் வாவியில் விழுவேன் என்று கம்பிக்கு வெளியே நின்று அழுதவ அம்மா. பின்னேரம் அடுப்படிக்கு வந்தா. அப்பச்சட்டியை எடுத்துக் கழுவினா. கழுவின சட்டியைத் திரும்பவும் கழுவினா. என் பக்கம் திரும்பாமலே சொன்னா:

"நீ பழையபடி கசிப்பையே காய்ச்சு, மகள். மறியலெண்டா உன்ன வந்து பாக்கவாவது ஏலும்."