தாமரை பார்டர் போட்ட பெட்ஷீட்

மார்ச் 8, சனி

காலையிலிருந்தே வெயில். கொழும்பிலிருந்து பேல் இரண்டும் வந்து இறங்கின. சுங்கத்தில் சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங்காரர் இந்த முறை அலையவிடவில்லை. பெட்ஷீட், தலையணை உறை, துண்டு. எல்லாம் ஈரோட்டுச் சரக்கு.

வியாபாரம் நன்று. பேராதனையில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் சிங்கள அம்மா வந்தார், நோனா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரர்கள் தங்கும் இடம். பேரம் பேசவில்லை. துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார், அவ்வளவுதான். தாமரை பார்டர் போட்ட புதுப் பாக்கெட் ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அது நான் ஆர்டர் செய்யாத டிசைன். ஈரோட்டில் பிரிண்டிங் போடும் சண்முகம் சாம்பிளுக்கு ஒரு டஜன் போட்டு விட்டிருக்கிறான் போல. கேட்க வேண்டும்.

கண்டியில் எனக்குப் பிடித்தது: கடைக்குள் யாரும் கத்துவதில்லை. பிடிக்காதது: கோபம் வந்தாலும் கத்துவதில்லை. சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் தப்பு செய்தோமா இல்லையா என்று தெரிவதே இல்லை. நாலு வருஷமாக இதே கதை.

சாப்பாட்டுக்குப் பிறகு எருமைத் தயிரும், மேலே ஊற்றிக்கொள்ளக் கித்துள் பனைப் பாகும். இதற்காகவே இங்கே இருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

எழுத்து கோணல்.

மத்தியானம் கடைப் பெண் புஷ்பம் தாமரை பார்டர் பாக்கெட் ஒன்றைப் பிரித்து, கண்ணாடி அலுமாரியில் தொங்கவிடப் போனாள். பாதி விரித்ததும் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஓடிப்போய் ஷட்டரை இறக்கினாள். உள்ளே வாங்கும் ஆள் யாரும் இல்லை, நல்ல காலம்.

நடுவில் புத்தர் முகம். கண் மூடிய பெரிய முகம். சரியாகக் கால் நீட்டிப் படுக்கும் இடம்.

“மொதலாளி, இத யாரும் பாத்தா நம்மள உள்ள போட்டுருவாங்க” என்றாள். பக்கத்துக் கெலிஓயாக்காரி, இந்த நாட்டுத் தமிழ்ப் பெண், கடை திறந்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறாள். சிங்களத்தில் என் வாய் அவள்தான். சும்மா பயப்படுகிறவள் இல்லை.

இந்த நாட்டில் துணியில், செருப்பில், கையில் பச்சை குத்தி, எங்கேயும் இந்த முகம் கூடாது. சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்று தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் போயாவில் இறைச்சிக் கடை திறக்காது, தெரியும். எல்லாம் தெரிந்தவன் என்றுதான் இருந்தேன்.

சண்முகத்துக்கு போன். குரலில் ஒரே சந்தோஷம். “புத்தர் நாடு தானுங்ண்ணா, பிச்சுக்கிட்டுப் போகும்னு நானே போட்டு உட்டனுங்.” திட்ட வாய் வரவில்லை. ஈரோட்டில் என் வீட்டிலேயே கை கழுவும் தொட்டிக்கு மேல் புத்தர் தலை இருக்கிறது. வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். நான்தான் வாங்கி மாட்டினேன்.

கடையில் பதினொன்று. ஒன்று நோனாவிடம்.

மார்ச் 10, திங்கள்

மூடுபனி. தூக்கம் இல்லை.

விற்க முடியாது. திருப்பி அனுப்பினால் சுங்கத்தில் பிரிப்பார்கள். குப்பையில் போட்டால் எடுக்கிறவன் பார்ப்பான். எரித்தால்? புத்தர் முகத்தை இந்தியாக்காரன் எரித்தான் என்று ஆகும். கத்தரியை எடுத்தேன். புஷ்பம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன சரக்கு இது, கடவுளே. விற்காத சரக்கு எத்தனையோ பார்த்திருக்கிறேன். தொலைக்கவே முடியாத சரக்கு இதுதான் முதல்.

கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் பொலீஸ் மாதிரி. ஒருவர் துண்டு கேட்டார், நான் பின் அறையைப் பார்த்தேன். விசா புதுப்பிக்கும் மாதம் வேறு. கேஸ் ஒன்று விழுந்தால் போதும். கேஸ்கூடப் பரவாயில்லை, கடை முன்னால் கூட்டம் கூடினால்?

பெண்டாட்டிக்கு போனில் சொன்னேன். “கடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பூட்டிப்போட்டு அடுத்த பிளேன்ல வந்துருங்க” என்று அழுதாள். நாளை மறுநாள் பிளேனில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.

புஷ்பம் காதில் விழுந்திருக்கிறது. துணி மடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: “நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க மொதலாளி. என்னைய எங்க அனுப்புவாங்க?”

டிக்கெட் பக்கத்தை மூடிவிட்டு அவளோடு துணி மடித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

நோனாவிடம் போனேன். போனில் சொன்ன சாக்கு: அந்தப் பாக்கெட் சாயம் போகிறது, மாற்றித் தருகிறேன். புஷ்பம்தான் சிங்களத்தில் பேசினாள். “ஹரி, வாங்க” என்றாராம். ஹரி என்றால் சரி. என்ன சரி?

ஆட்டோவில் பேராதனை வரை சாயக் கதையைச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் குடையோடு போகிறார்கள், மரமெல்லாம் பூ. வேறு நாளாக இருந்தால் இறங்கி நின்று பார்த்திருப்பேன்.

நோனா கதிரை போட்டு உட்கார வைத்தார். பால் இல்லாத டீ, ஒரு துண்டு கருப்பட்டி. பிறகு உள்ளே போய் வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேசையில் வைத்தார். பிரித்துப் பார்த்துவிட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சாயம் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மெதுவாக, எனக்குப் புரியும்படி எளிய சிங்களத்தில் சொன்னார். வேலைக்காரப் பெண்தான் கட்டிலில் விரிக்கப் போனாளாம், அலறிவிட்டாளாம். உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன் என்றார். நினைக்கிறேன், அவ்வளவுதான். வேறு யாரிடமும் சொல்லவில்லை, எங்கள் விகாரைப் பிக்குவிடம் மட்டும் சொன்னேன் என்றார்.

டீக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

வியாழன், போயாவன்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறாராம் பிக்கு. இதைச் சொல்லும்போது நோனா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் கண்டுபிடிக்க நாலு வருஷம் போதவில்லை.

மார்ச் 12, புதன்

பிற்பகல் மழை. வியாபாரம் இல்லை.

போனால்: அங்கேயே பொலீஸ் உட்கார்ந்திருக்கலாம். போகாவிட்டால்: ஒளித்தவன் ஆகிவிடுவேன். பிளேன்: நாளை காலையும் ஒன்று இருக்கிறது. டிக்கெட் போடும் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் போடவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். புஷ்பம் எதிரே உட்கார்ந்து கூலிக்குத் தைக்கக் கொடுத்த உறைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை.

தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். “நீங்க பேசுற சிங்களத்துக்கு, இல்லாத கேஸையும் சேத்துப் போடுவாங்க” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், கொஞ்சம்.

அவள் சொன்னவை: வெள்ளை உடுப்பு. பொட்டலத்தைக் காலடியில் வைக்கக் கூடாது, மடியில். பிக்குவைவிட உயரமாக உட்காரக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில்.

நானாகச் சேர்த்தது: பாஸ்போர்ட், உள் பையில்.

மார்ச் 13, வியாழன். போயா

போய்விட்டு வந்தோம். வந்துவிட்டோம் என்பதே பெரிது.

சின்ன விகாரை, மலை மேல். முற்றம் முழுக்க வெள்ளை உடுப்பு. தெரியாத ஓர் அம்மா எங்கள் இருவருக்கும் பாயில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார், கையில் தேநீர் கொடுத்தார். இந்த ஊர்க்காரர்களின் இந்தக் குணம். பன்னிரண்டும் மடியில் இருக்க, எனக்கு அழுகை வரப் பார்த்தது.

பிக்கு நடு வயசு. மட்டக்களப்புப் பக்கம் இருந்தவராம், தமிழ் வருகிறது. ஒன்றை விரித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

“உங்க ஊர்ல இந்த முகத்த எங்க வைப்பீங்க?”

கேட்டதற்கு மட்டும் பதில். கை கழுவும் இடத்துக்கு மேல் என்றேன். புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிக்கு துணியிலிருந்து கண்ணை எடுத்தார். “அழகுக்கா?”

ஆமாம் என்றேன்.

“நாங்க கும்பிடுறோம்” என்றார். அவ்வளவுதான். தானே மடித்தார், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, எங்கள் கடை மடிப்பைவிட நேர்த்தியாக. உடைந்த சிலைகள் வைக்கிற அறை அரச மரத்துக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே இருக்கட்டும் என்றார். கடையைத் திறந்து வையுங்கள் என்றும் சொன்னார்.

இறங்கி வரும்போது படியில் நின்ற இளைஞன் ஒருவன் போனை எங்கள் பக்கம் நீட்டியிருந்தான். எங்களையா, மரத்தையா? புஷ்பம் பார்க்கவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

விடிந்து கொஞ்ச நேரம்தான். மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். கடை முன்னால் இரண்டு பேர். பொலீஸ் உடுப்பு இல்லை. ஒருவன் போனைப் பார்க்கிறான், பெயர்ப் பலகையைப் பார்க்கிறான், மறுபடி போனை. வாடிக்கையாளர்களாக இருக்கலாம். இந்நேரத்துக்கு யார் பெட்ஷீட் வாங்க வருவார்கள்.

புஷ்பத்துக்கு போன் அடித்தேன். பஸ்ஸில் இருக்கிறாள், பேராதனைப் பாலம் தாண்டிவிட்டாளாம். இன்று லீவு, திரும்பிப் போ என்றேன். ஏன் மொதலாளி என்றாள். சரக்கு எடுக்கப் போகிறேன் என்றேன். நம்பினாளா தெரியாது.

கீழே ஷட்டரைத் தட்டுகிறார்கள். சத்தமாக இல்லை, மரியாதையாகத்தான்.

சரக்கு வந்தது என் பெயரில், கடை என் பெயரில். விற்றதும் நான், அவள் இல்லை. இதை மட்டும் சிங்களத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். வருகிறது.

இறங்குகிறேன்.