விற்காமல் தொங்கிய சைக்கிள்

கொழிஞ்சாம்பாறை
12-4-1979

அன்பு மகன் பொங்கியண்ணனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அமெரிக்காவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாசாணியம்மன் துணை. உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கடலில் நீந்தி, கரையேறி ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, அதையும் போட்டுவிட்டு ஓட வேண்டும், மூன்றும் சேர்ந்து ஒரே பந்தயம் என்று எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், என்னத்துக்கு இப்படி, யாராச்சும் பின்னாடி தொரத்தறாங்களா என்று கேட்டுச் சிரித்தாள். ரொம்ப மாசம் கழித்துச் சிரித்தாள். அதற்கடுத்த வரியை நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். சிநேகிதன் ஒருத்தன் நல்ல ரேஸ் சைக்கிளைப் பாதி விலைக்குத் தருகிறான், உயரம் கொஞ்சம் கூடுதல், சீட்டை இறக்கிச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம் கண்ணு. சீட்டை இறக்கினால் சீட்டுதான் இறங்கும், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகிற பார் கம்பி இறங்காது. வெறுங்காலோடு அந்தக் கம்பிக்கு ரெண்டு பக்கமும் காலைப் போட்டு நில்லு, கம்பிக்கும் உனக்கும் நடுவே ரெண்டு விரல் இடமாவது இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் அடிமட்டத்தில் கால் நேராக நிற்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. முழங்கையைச் சீட்டு நுனியில் வைத்துக் கையை நீட்டு, விரல் ஹேண்டிலைத் தொட்டால் சரி. இதெல்லாம் சரியாக வராத வண்டியைச் சும்மா கொடுத்தாலும் தொடாதே. முப்பது வருஷம் சைக்கிள் விற்றவன் சொல்கிறேன், ஆனால் அதனால் சொல்லவில்லை.

தம்பி திருமூர்த்தி போன ஓணத்துச் சைக்கிள் பந்தயத்தில் மணலில் சறுக்கி விழுந்தான் என்று உனக்கு எழுதினேன், அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அந்த ரோட்டில் மணல் இல்லை. கடையில் அப்போது இருபத்திரண்டு இஞ்ச் வண்டி ஒன்றே ஒன்று இருந்தது, அவன் உயரத்துக்கு அதுதான் பொருத்தம், ஒரு வாத்தியார் வந்து கேட்டார், கொடுத்துவிட்டேன். இருபத்திநாலு இஞ்ச் வண்டி ஒன்று ரெண்டு வருஷமாக விற்காமல் மேலே தொங்கிக்கொண்டிருந்தது, அதை இறக்கித் துடைத்து இவனுக்குக் கொடுத்தேன். நம் ஊட்டில் எப்பவும் அப்படித்தானே, விற்கிறது வருகிறவனுக்கு, விற்காதது நமக்கு. ஏறிப் பார்த்துவிட்டு, "கால் எட்டலீங்கப்பா" என்றான். ஒரு தடவைதான் சொன்னான். சைக்கிள்கடைக்காரர் மகனுக்கே கால் எட்டலியாமா என்று பழைய இரும்பு எடுக்க வந்த ஏசுதாஸ் கேலி பண்ண, நான் ரெண்டு பெடலிலும் மரக்கட்டை வைத்துக் கம்பியால் முறுக்கிக் கொடுத்தேன். குட்டையான ஆட்கள் எத்தனையோ பேருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், பால் கேனோடு மெதுவாகப் போகிறவர்களுக்கு அது போதும். பந்தயத்தில் மிதிக்கிற மிதிக்கு நிற்காது என்று எனக்குத் தெரியாதா. தெரியும். கோபாலபுரம் செக்போஸ்டைத் தொட்டுத் திரும்பி முதலாவதாக வந்துகொண்டிருந்தான். பாலத்துக்கிட்டே வலது கட்டை கழன்று கால் வழுக்கி, வண்டியோடு பாலச்சுவரில் மோதினான். நான் ஓடிப்போனபோது மூச்சு இல்லை. அத்தனை கூட்டத்திலும் அந்தக் கட்டையைப் பொறுக்கி மடியில் செருகிக்கொண்டேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் அதைத்தான் எடுத்தேன் சாமி.

ரோட்டில் மணலைக் கொட்டினவன் கை விளங்காமல் போகட்டும் என்று அம்மா இன்னும் சபிக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயைத் திறந்திருக்கிறேன், காப்பி கொண்டா என்றுதான் வருகிறது.

நீ பந்தயத்துக்குப் போ, வேண்டாமென்று சொல்லமாட்டேன். புது வண்டியாக, உன் அளவுக்கு வாங்கு, நான் சொன்ன மூன்று அளவையும் மறக்காமல் எழுதி அனுப்பு. அந்தக் கடிதத்திலேயே தம்பி எப்படிப் போனான் என்பதையும் நான் எழுதினபடியே எழுதிவிடு, என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு. உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படிக்க வேண்டும். இந்த முறை ஒரு வரியையும் தாண்டமாட்டேன்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும் கண்ணு.

உன் அப்பா,
நஞ்சப்பன்