பிளாஸ்திரி இல்லையாம், பிளாஸ்மிட்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, இங்கே உன் அப்பாவின் வலது கால் பெருவிரல் தவிர மற்ற எல்லோரும் நலம், அங்கே நீயும் நீ சோறு போட்டு வளர்க்கும் கிருமிகளும் நலமா. முதலில் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன், உன் பெரியப்பா வாயால் கேட்டால் நாலு மடங்காக இருக்கும். மருந்துக்கு அடங்காத குணத்தை ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பிளாஸ்மிட் என்று போனில் சொன்னாய் அல்லவா, ஆஸ்பத்திரியில் நான் துணி துவைக்கும் மெஷின் இரைச்சலில் அது என் காதில் பிளாஸ்திரி என்று விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா விரலில் ஒட்டியிருந்ததைப் பிய்த்தெறிந்தேன், மருந்துக்கடைக்கும் போய், இந்தச் சனியனை வித்து ஊரையே கொல்றீங்களா என்று பத்துப் பேர் முன்னால் கத்தினேன். கடைக்காரர், அக்கா உக்காருங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க என்றார்.

மறுநாள் எங்கள் லேப்காரம்மா படம் போட்டுக் காட்டிய பிறகுதான் விளங்கியது. கிருமிக்குள் அதன் சொந்தப் பாடப்புத்தகம் ஒன்று, அது போக வளையம் மாதிரி ஒரு குட்டிச் சீட்டு, நீ சொன்னது அதுதானாம். பரீட்சையில் பிட் அடிப்பது போலத்தான், மருந்திலிருந்து தப்பிக்கும் விடை அதில் இருக்கும், பக்கத்துக் கிருமியோடு ஒட்டிக்கொண்டு ஒரு நகலைக் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒன்று வைத்துக்கொள்ளும். வேற்று இனம் என்றும் பார்க்காதாம், நம் சொந்தக்காரர்களுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. ஒரே சீட்டில் நாலைந்து மருந்துக்கு விடை இருக்குமாம். பிட் அடித்து மாட்டிக்கொண்டுதான் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன், அதனால் இது உன்னைவிட எனக்கு நன்றாகவே புரிகிறது.

நம் குடும்பத்தில் அந்தப் பிட் கடையை நடத்துவது அடுத்த வீட்டில் இருக்கும் உன் அருமைப் பெரியப்பா. ஊரார் தின்று மிச்சம் வைத்த மாத்திரையெல்லாம் அவர் பிஸ்கட் டப்பாவில் கிடக்கும், சளிக்கு ஒன்று, பல்வலிக்கு ஒன்று, குழந்தை என்றால் பாதி. அரைகுறை மருந்தில் சாதுவான கிருமிகள் செத்துப்போக, சீட்டு வைத்திருக்கும் ரவுடிகள் காலி இடத்தில் குடும்பம் நடத்துகின்றன. பட்டறையில் தகரம் விழுந்து கிழிந்த விரலுக்கு அப்பா இரண்டு வாரம் அந்த டப்பா வைத்தியம்தான் பார்த்தார். இப்போது லேப்பில் ஐந்து மருந்து வைத்துப் பார்த்ததில் ஒன்றுதான் பலிக்கிறது. காலையும் மாலையும் பத்து நாள் ஊசி, இன்று நாலாம் நாள், கேட்கவில்லை என்றால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார். இந்த லட்சணத்தில் நேற்று தலையணைக்கு அடியில் இரண்டு மஞ்சள் மாத்திரை. கேட்டால், அண்ணன் குடுத்தாரு, எப்படி வேணாம்னு சொல்றது என்கிறார். என்னிடம் மட்டும் முப்பது வருஷமாக வேணாம் என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. நான் சுவரோரம் போய், என் புருஷன் விரல் போச்சுன்னா உங்க விரல்ல ஒண்ணை வாங்காம விடமாட்டேன் என்றேன். அழுக்குத் துணி துவைக்கிறவ எனக்கு வைத்தியம் சொல்றியா என்றார். அந்த அழுக்குல என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும் என்றேன்.

நீ ஒன்றும் சிரிக்க வேண்டாம். போன வருஷம் வந்தபோது உன் மிச்ச மாத்திரையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய், உன் பெயர் போட்ட அட்டையை என் கண்ணால் பார்த்தேன். கிருமி படிக்கிற பொண்ணே குடுத்தது என்று தெரு முழுக்கக் காட்டுகிறார். படித்த மேதாவி, இதற்கா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன். இது கிடைத்த உடனே அவருக்குப் போன் போட்டு, பெரியப்பா நான் செஞ்சது தப்பு, அப்பாவுக்கு ஒரு மாத்திரையும் குடுக்காதீங்க என்று சொல். நான் சொன்னால் சண்டை, நீ சொன்னால் விஞ்ஞானம்.

நேரத்துக்குச் சாப்பிடு, சாப்பிடும் முன் கையைக் கழுவு, நோய் நொடி இல்லாமல் நன்றாயிரு, கோபம் தணிந்ததும் இன்னும் கொஞ்சம் வாழ்த்துகிறேன். போனை மறக்காதே.

இப்படிக்கு,
இன்னும் உன்மேல் கோபமாக இருக்கும் அம்மா

பி.கு. இன்று காலை பெரியப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து டப்பாவைத் தூக்கிப்போய், ஆஸ்பத்திரியில் வேண்டாத மருந்து போடும் பெட்டியில் போட்டுவிட்டேன். எரிப்பதற்கு வண்டியும் வந்து எடுத்துப்போய்விட்டது. மாத்திரை டப்பா அலமாரியிலேயே இருக்கிறதாம். திறந்து பார்க்காமல் நான் கொண்டுபோனது அதே மாதிரி இன்னொரு பிஸ்கட் டப்பா, அதில் இருந்தது அவருடைய பல்செட். மத்தியானத்திலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டுகிறார், என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை.