பத்துக்கு மூன்று இருமல்

28-11-1965
பாகிஸ்தான் சண்டை ஓய்ந்து, சேலத்தை விட்டு நம்மைத் தருமபுரி என்று தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம் இது. மாவட்டம் வந்ததும் ஒரு டாக்டரும் வந்துவிட்டார்; கணக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டோம். ஊசி இல்லை, மருந்து இல்லை. பெங்களூரிலிருந்து ஜீப்பில் ஒரு கரும்பலகை. யார் இருமுகிறார்கள், யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று எங்கள் கீழ்த்தெரு, மேட்டுத்தெரு இரண்டிலும் விசாரிக்கிறார்.
எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் இசபெல்லா எழுதுகிறாள்.

2-12-1965
பலகையில் வட்டம் போட்டு அம்பு இழுத்தார். வட்டம் வீடாம். அம்பு இருமலாம். கூட்டிக் கழித்துச் சொன்னார்: "இப்படியே போனா, உங்க கீழ்த்தெருவுல பத்துப் பேர்ல மூணு பேருக்குக் காசநோய் வரும். மேட்டுத்தெருவுல ஒருத்தருக்கு."
எங்கள் தெரு பிலவேந்திரன் எழுந்தான். "அதெப்படிங்க? ரேஷன் சர்க்கரைதான் எங்களுக்குக் கம்மி, இருமல் மட்டும் தாராளமா? தெருவுக்கு ரெண்டாப் பிரிச்சு உடுங்க!"
இது பங்கீடு இல்லை என்றார் டாக்டர். யார் நம்புவது?

3-12-1965
கோயில் முன்னால் கூடி, அந்த மூன்று பேர் யார் என்று பேசினோம். பிலவேந்திரன் தன் மாமியார் பெயரைக் கொடுத்தான். அடுத்து ராஜப்பன். "பீடியை உட்டுடறேன், என்னைச் சேக்காதீங்க" என்று கெஞ்சினான். ஆனால் எல்லோரும் சேர்ந்து சொன்னது, ராத்திரியெல்லாம் இருமுகிற என் பெண்டாட்டி இன்னாசியம்மாளை.
"எவன்டா எம் பேரைச் சொன்னது? உங்க கல்யாணத்துக்கெல்லாம் களி கிண்டுன கைடா இது!"
சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் சளியில் ரத்தம் பார்த்திருந்தேன்.

4-12-1965
இன்றும் ரத்தம்.

9-12-1965
தருமபுரி ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காசநோய்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். கணக்கு டாக்டரிடம் காட்டினேன். "இதோட ஒரு ஜன்னலும் வேணும். புகையும் இருமலும் அடைஞ்ச வூடு உங்களுது" என்றார்.
சுவர் எங்களுடையது. அது நிற்கிற மண் மேட்டுத்தெரு சென்றாயனுடையது. போய்க் கேட்டேன்.
"ஜன்னல் வெச்சா வூடு நிலைச்சுடும் சவுரியப்பா. நாளைக்கு மண்ணும் எங்களுதும்பீங்க. வேணாம்."

14-12-1965
டாக்டர் பலகையோடு சென்றாயன் வீட்டுக்கே போனார். நான் வாசலில் நின்றேன். எங்கள் தெரு வட்டம் ஒன்றிலிருந்து அவர் வீட்டு வட்டத்துக்கு ஓர் அம்பு.
"இது யாருங்க?" என்றார் சென்றாயன்.
"உங்களுக்குப் பால் கறக்க வர்ற ஆளு. உங்க தெருவுக்குச் சொன்ன அந்த ஒருத்தருக்கு இந்த வழியாத்தான் வரும்."
"ஆளை மாத்திடறேன்."
கறப்பது இன்னாசியம்மாள்.
"புது ஆளும் அந்தத் தெருதானுங்களே? நீங்களே கறந்துக்கிட்டா அம்பு போயிடும். இல்லேன்னா அந்தத் தெருவுக்கு ஜன்னல் வேணும்" என்றார் டாக்டர்.
சென்றாயன் மாட்டைப் பார்த்தார். மாடு அவரைப் பார்த்தது.

15-12-1965
விடிந்ததும் கடப்பாரையோடு அவர் ஆட்கள்! கீழ்த்தெரு முழுக்க ஜன்னல். எல்லாம் கிழக்குச் சுவரில், அவர் வீட்டுக்கு முதுகு காட்டி. இருமல் அந்தப் பக்கமே போகட்டுமாம்.
போகட்டும். அடுப்புப் புகையும் அதோடு போனது.

20-6-1967
மாத்திரை முடிந்தது. சளியில் ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். அவளுக்குத்தான் வருத்தம். இனித் தருமபுரி பஸ் இல்லை, போண்டா இல்லை.

6-1-1975
கணக்கு டாக்டர் எப்போதோ மாற்றலாகிப் போனார். ராஜப்பன் பீடியை விடவில்லை, இருமியே போனான். பிலவேந்திரனின் மாமியார் ஒரு தும்மல்கூட இல்லாமல், வயதாகிப் போனாள். போன ஆவணியில் சென்றாயன். மேட்டுத்தெருவின் அந்த ஒன்று அவர்தான். ஜன்னல் வைப்பதற்கு முன்பே பிடித்திருக்குமோ என்னவோ, பாவம்.
அன்று கோயில் முன்னால் பெயர் அடிபட்டவர்களில் மிச்சம் ஒரே ஆள். ஜன்னலில் தலையை நீட்டி, தெருவில் போகிற எவனையோ மூச்சு வாங்காமல் திட்டிக்கொண்டிருக்கிறாள்: இன்னாசியம்மாள்.